வெள்ளவத்தையில் ஓர் அரிசியில்லா விருந்து

கிளம்புகிற அன்று பெரியண்ணன் என் கைப்பையைத் திறந்து, உள்ளே கிடந்த அளவு நாடாவை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பொண்ணு பாக்கத்தான் போற. ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க இல்ல."

தூத்துக்குடியில் நான் தையல் கடை வைத்திருக்கிறேன். நாடா இல்லாமல் வெளியூர் போவது எனக்குச் செருப்பில்லாமல் போவது மாதிரி. ஆனாலும் அண்ணன் பயந்ததில் நியாயம் உண்டு. எனக்கு யாரைப் பார்த்தாலும் பிடித்துவிடும். பிடித்துவிட்டால் வாய் சும்மா இருக்காது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு நானே விடுமுறை விட்டுவிட்டேன். அதன் பிறகு படித்ததெல்லாம் ஆட்களிடம்தான். பேசிப் பேசிப் படித்தவளைப் பேசாதே என்றால் எப்படி?

பெண் பார்ப்பது தம்பி சங்கரனுக்கு. வயது நாற்பத்திரண்டு. பதினைந்து வருடம் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், இப்போது எங்கள் ஊர்த் துறைமுகத்துப் பக்கம் மெஸ் நடத்துகிறான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுவான். பண்டிகை என்றால் பதினொன்று. தெரிந்தவர் ஒருவர் சொல்லி வந்த இடம் இது. கொழும்பில் கொட்டாஞ்சேனை. பெண் பெயர் வாணி, முப்பத்தேழு வயது. வெள்ளவத்தையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அப்பா இல்லை. ஒரே பிள்ளை. போனில் பேசும்போதே ஒரு நிபந்தனை போட்டுவிட்டது: "எங்க போனாலும் அம்மா என்னோடதான்."

அண்ணனுக்கு அது தொண்டையில் முள்ளாக நின்றது. "பொண்ணு கூடவே மாமியாரையும் சேத்துக் கூட்டிட்டு வரணுமாம்ல" என்று வாரக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். சங்கரனைக் கேட்டால், "போய்ப் பாப்போம்" என்றான். இரண்டு வார்த்தை செலவாகிவிட்டது, அதோடு நிறுத்திக்கொண்டான்.

"போ, பாரு, வா. முடிவை நான் சொல்றேன்" என்றார் அண்ணன் என்னிடம். "அரிசி மட்டும் வாயில படக்கூடாது."

இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் காபி, கேசரி, பஜ்ஜியோடு எழுந்துவிட வேண்டும். பெண் வீட்டாரோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சங்கரன் லீவில் வந்திருந்த ஒரு சமயம், கோவில்பட்டியில் ஒரு வீட்டில் நான் இரண்டு இடியாப்பம் சாப்பிட்டுவிட்டேன். மறுநாளே அவர்கள் மண்டபம் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இடியாப்பம் சோற்றில் சேருமா, பலகாரத்தில் சேருமா என்று ஒரு மாதம் பஞ்சாயத்து நடந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் திருத்தப்பட்டது: அரிசி எந்த வேஷத்தில் வந்தாலும் அரிசிதான்.

முதல் நாள் வெள்ளவத்தையில் ஒரு லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டுத் தெருவில் இறங்கினோம். கடை போர்டுகளில் தமிழ், காதில் விழுவதெல்லாம் தமிழ், புடவைக்கடை வாசலில் நின்று கூப்பிடுகிற குரல்கூட எங்கள் ஊர்க் குரல் மாதிரிதான். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தியிராவிட்டால் வெளிநாடு என்று நம்பியிருக்க மாட்டேன். லாட்ஜ் மேனேஜர் யாழ்ப்பாணத்துக்காரர். "எப்ப வந்தனீங்கள்? நிண்டு பாத்துட்டுப் போங்கோ. கொழும்பில அவசரப்படுறது பஸ்காரன் மட்டுந்தான்" என்றார்.

அது எவ்வளவு உண்மை என்று அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. பெண் வீட்டுக்குத் தெரியாமல் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சுற்றுப் பார்த்து வரச் சொல்லி அண்ணன் உத்தரவு. புறக்கோட்டையில், கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் மாறி ஏறினோம். கண்டக்டர் சிங்களத்தில் கத்திக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற அம்மாளிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டேன்.

"உள்ளுக்குப் போகட்டாம். பின்னுக்கு கிரிக்கெட் விளையாடுற அளவுக்கு இடமிருக்காம்."

நான் சிரிப்பதற்கு வாயைத் திறக்க, டிரைவர் பிரேக்கை மிதிக்க, என் மூக்குக்கண்ணாடி எகிறி யாரோ ஒருவர் தோளில் விழுந்து தரைக்குப் போயிற்று. கிடைத்தது. ஆனால் ஒரு காது தனியாகவும் முகம் தனியாகவும் கிடைத்தது. நடுவில் இருந்த திருகாணியைக் காணோம். கண்ணாடி இல்லாமல் எனக்குப் பக்கத்து எழுத்தும் தெரியாது, தூரத்துப் போர்டும் தெரியாது. சங்கரனோ ஜன்னலோரம் தூங்கிவிட்டான். கொட்டாஞ்சேனை எப்போது வந்தது, எப்போது போனது என்று இருவருக்குமே தெரியவில்லை. கடைசியில் கண்டக்டர் வந்து தோளைத் தட்டித் தமிழில் சொன்னார்:

"இறங்குங்க அக்கா. இதுக்கு அங்கால மீன்தான் போகும்."

மட்டக்குளி, கடைசி ஸ்டாப். பார்க்கப் போன இடத்தைத் தாண்டி, பார்க்கத் தேவையில்லாத இடத்தில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் மத்தியானம் சந்திப்பு. வீட்டுக்கு வர வேண்டாம், வெள்ளவத்தையிலேயே ஒரு வியட்நாம் ரெஸ்டாரண்ட் இருக்கிறது, அங்கே கதைப்போம் என்று வாணி சொல்லியிருந்தது. எனக்கு உள்ளூர சந்தோஷம். வியட்நாம்காரர் நூடுல்ஸ் சாப்பிடுவார், அரிசிக்கு அங்கே என்ன வேலை? அண்ணன்கூட போனில், "நூடுல்ஸ்னா மைதாதான், பயமில்ல" என்று அனுமதி கொடுத்துவிட்டார்.

கடலைப் பார்த்த மாடி. கீழே ரயில் தண்டவாளம், அதற்கு அப்பால் அலை. உள்ளே நுழைந்ததும் கரண்டு போய்விட்டதோ என்று நினைத்தேன். இல்லை, ஸ்டைலான இடம் என்றால் இருட்டாகத்தான் இருக்குமாம். கூம்புத் தொப்பிகளைக் கவிழ்த்து விளக்கு தொங்கவிட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் தொப்பி தலையில் இருக்கும், விளக்கு கையில் இருக்கும்; இங்கே இரண்டும் சேர்ந்து உத்தரத்தில் இருந்தன.

பரிமாறுகிற பெண் வியட்நாம் உடுப்பு போட்டிருந்தாள். கழுத்து வரை மூடிய நீளச் சட்டை, இடுப்பிலிருந்து இரண்டு பக்கமும் வெட்டு, உள்ளே தொளதொளப் பைஜாமா. என் கை தானாகவே போய் ஓரத் தையலைத் திருப்பிப் பார்த்தது.

"யாரும்மா தச்சது?"

"இங்கதான் மேடம், டெய்லர்கிட்ட" என்றாள். மலைநாட்டில் அட்டன் பக்கத்துப் பெண்ணாம். குரலைத் தாழ்த்தி, "பெருமூச்சு விட்டா ஹூக் தெறிச்சிரும். அதனால நாங்க யாரும் இங்க கவலைப்படுறதில்ல" என்றாள். மனதுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். என் கைப்பையில் இப்படிச் சொற்கள் எழுதிய சிறு நோட்டு ஒன்று உண்டு. நல்ல வேளை, அண்ணன் அதை எடுக்கவில்லை.

வாணியும் அம்மாவும் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி இல்லாமலே எனக்கு இரண்டு விஷயம் தெரிந்தது: பெண் தோள் அகலம் பதினாலரை, தாய் முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுக்குக் கூப்பிடாதது தப்பா நினைச்சிறாதீங்கம்மா" என்று தாய்தான் முதலில் ஆரம்பித்தார். "நாங்க நாலாம் மாடி. ஆக்கள் வந்தா படியில எல்லாக் கதவும் திறக்கும். நாலு தரம் வந்து பாத்துட்டுப் போனாங்க. ஒவ்வொரு தரமும் இந்தப் பிள்ளை அடுத்த நாள் வேலைக்கு அதே படியிலதானே இறங்கணும்."

"அம்மா, முதல் சாப்பாடு சொல்லுவம்" என்றது வாணி.

மெனு அட்டை என் கையில் வந்தது. கண்ணாடி உடைந்ததைச் சொல்ல எனக்குக் கூச்சம். கண் பார்க்கிற பெண்ணின் முன்னால் உடைந்த கண்ணாடியோடு உட்காருவது, தையல்காரி முன்னால் கிழிந்த ரவிக்கையோடு உட்காருகிற மாதிரி. இரண்டு பக்கம் புரட்டி, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. தம்பி, நீயே சொல்லு" என்று தள்ளிவிட்டேன்.

சங்கரன் அட்டையைத் திறக்கக்கூட இல்லை. அந்தப் பெண்ணைப் பார்த்து மூன்று பெயர் சொன்னான். பச்சை இலை கூடுதலாக, மிளகாய் தனியாக என்று அவன் பேசிக்கொண்டே போக, நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஒரு வாரத்து வார்த்தையெல்லாம் அந்த மேசையில் கொட்டிவிட்டான்.

முதலில் சுருள் வந்தது. கண்ணாடித்தாள் மாதிரி ஒன்றில் இறாலும் புதினாவும் சுருட்டி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற மாதிரி. குளிர்ந்த சாப்பாடு. மீன் வாசனையும் எலுமிச்சையும் கலந்த ஒரு கிண்ணத்தில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். எங்கள் ஊர்க் கருவாட்டு வாசனை கோட்டு சூட்டு போட்டு வந்தால் எப்படி இருக்கும், அப்படி. அடுத்து, மடித்த தோசை மாதிரி மஞ்சளாக ஒன்று, வயிற்றுக்குள் முளைகட்டிய பயறோடு. மஞ்சள் என்றால் கடலைமாவு என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிறகு ஆளுக்கொரு பெரிய கிண்ணத்தில் நூடுல்ஸ் சூப்.

சூப்பை நெருங்கிப் பார்த்தேன். நூல் வெள்ளையாக இருந்தது. சங்கரன் காதருகே குனிந்தேன்.

"இது மைதாதான?"

"ஆறிப் போயிரும். சாப்பிடுக்கா."

சாப்பிட்டேன். குச்சி இரண்டும் என் கையில் ஊசியாக மாறி நூலைக் கோர்க்கப் பார்த்ததே தவிர வாய்க்குக் கொண்டு வரவில்லை. வாணி சிரிக்காமல் ஒரு கரண்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தது. தாய் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல். எனக்கும் ஒரு கரண்டி. அந்தச் சூப்புக்கு அதுவரை இல்லாத உயிர் வந்தது.

"சொல்லிறாதீங்க. இவங்கட சமையல் நல்லந்தான். ஆனா கோபமே இல்லாத சமையல்" என்றார்.

அந்த நிமிடமே எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துவிட்டது. அண்ணனிடம் சொன்னால் திட்டு விழும்.

ஒரு சுருள் தவிர எல்லாம் வழித்துச் சாப்பிட்டு முடித்தோம். காபி வந்தது. கண்ணாடி டம்ளரின் அடியில் டின்பால், மேலே ஒரு தகர வடிகட்டி, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். இனிப்பு ஏதாவது வேண்டுமா என்று அட்டன் பெண் மறுபடி மெனுவைக் கொடுத்தாள். நான் கையை நீட்டித் தள்ளி வைத்துப் பார்க்க, வாணி பிடித்துவிட்டது.

"அக்கா, நீங்க கண்ணாடி போடுற ஆள்தானே? மூக்கில தடம் இருக்கு. எங்க கண்ணாடி?"

பையிலிருந்து இரண்டு துண்டாக எடுத்து வைத்தேன். "பஸ்ஸில உடைஞ்சிட்டு" என்றேன். எந்தப் பஸ் என்று சொல்லவில்லை. வாணி தன் பையிலிருந்து ஒரு டப்பா எடுத்தது. உள்ளே கடுகளவு திருகாணிகள், தீக்குச்சி நீளத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர். சாப்பிட்ட மேசையில், அந்த இருட்டில், இரண்டு நிமிடம். பிறகு எழுந்து வந்து தானே என் காதில் மாட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்து, கொஞ்சம் வளைத்துச் சரி செய்தது. "இப்ப வாசிங்க" என்றது, கடையில் சொல்வது போல.

வாசித்தேன். தையல் மெஷின் புத்தகத்திலும் மூட்டைகளின் மேலும் படித்த இங்கிலீஷ் என்னுடையது. சாப்பிட்டது என்னவென்று தெரிந்துகொள்ளலாமே என்று மேலிருந்து தொடங்கினேன். சுருளின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ரைஸ் பேப்பர். மஞ்சள் தோசைக்குக் கீழே ரைஸ் ஃப்ளவர். சூப்புக்குக் கீழே ரைஸ் நூடுல்ஸ். அரிசி மூட்டையில் ஆயிரம் தடவை பார்த்த நாலெழுத்து, மூன்று இடத்திலும் என்னைப் பார்த்துச் சிரித்தது.

"ஐயையோ! எல்லாம் அரிசி!"

என்னம்மா என்று தாய் பதறினார். வாயை மூடிக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். ஆனால் கோவில்பட்டி இடியாப்பத்திலிருந்து அண்ணனின் சட்டம் வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அந்த அம்மாளின் முதுகு இன்னும் நிமிர்ந்தது. "எங்க ஆக்களும் அந்தப் பக்கத்தில இருந்து வந்தவங்கதான். சோத்து வழக்கம் எங்களுக்கும் தெரியும்" என்றார். "நீங்க பயப்படாதீங்கம்மா. தெரியாமச் சாப்பிட்டது. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாணி திருகாணி டப்பாவை மூடியது. அந்தச் சமயம் பார்த்துக் கீழே ரயில் வந்தது. டம்ளர்கள் நடுங்கின, மீன் கிண்ணத்தில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. கடைசிப் பெட்டி போகும்வரை யாரும் பேச முடியாது. எனக்கு அந்த ரயில் இன்னும் நீளமாக இருந்திருக்கலாம் என்று இருந்தது.

சத்தம் அடங்கியதும் வாணி சங்கரனைப் பார்த்தது.

"நீங்க கப்பல்ல சமைச்ச ஆள்தானே. உங்களுக்கும் தெரியாதா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"ஆர்டர் குடுக்கும்போதே."

காபி சொட்டிக்கொண்டிருந்தது. வாணி விடவில்லை. "அரிசிண்டு தெரிஞ்சுதான் சாப்பிட்டீங்களா?"

"ம்."

"அம்மாவும் என்னோட வருவா. அதுவும் தெரியுந்தானே?"

"தெரியும்" என்றான் சங்கரன். பிறகு தட்டில் மிச்சமிருந்த ஒரே சுருளை எடுத்து, அந்த அம்மாளின் கட்டைச் சம்பலில் தோய்த்து, எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினான். "இதை மெஸ்ஸுல போட்டா நல்லாப் போகும், அத்தை."

அந்த அம்மாள் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தார். நான் அழப் பார்த்தேன். ஆனால் கண்ணாடி இப்போதுதான் சரியாகியிருந்தது.

வாணி மட்டும் இளகவில்லை. "நீங்க சாப்பிட்டு உங்கட முடிவைச் சொல்லிட்டீங்க. எனக்கு ஒரு நாள் வேணும். நாளைக்குப் பகல் கொட்டாஞ்சேனைக்கு வாங்க. நான் சமைச்சுச் சொல்றேன்."

"சமைச்சா?"

"ஓம். மேசைக்கு ரோல்ஸும் பிளேன்டீயும் வந்தா, சந்தோசமாக் குடிச்சிட்டுப் போங்க. சோறு வந்தா..." அந்த வாக்கியத்தை முடிக்காமல் காபியைக் கலக்கியது.

"வீட்டுக்கா? படியில எல்லாரும் பாப்பாங்களே" என்றார் தாய்.

"பாக்கட்டும்."

மூன்றாம் நாள் காலையிலிருந்து சங்கரன் நாலு தடவை சட்டை மாற்றினான். ஆட்டோ டிரைவர் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்துக் கிராண்ட்பாஸ்காரர். வெள்ளவத்தையில் கொட்டிய மழை பாதி வழியில் சட்டென்று நின்று வெயில் அடித்ததும், "கொழும்பு மழைக்கு விலாசம் இல்லக்கா. கிடைச்ச வீட்டில தங்கும்" என்றார். நோட்டை எடுத்து எழுதினேன். இறங்கும்போது என் கையிலிருந்த பழத்தட்டைப் பார்த்து, "நல்ல காரியமா?" என்றார். "தெரியல தம்பி. மேல போனாத்தான் தெரியும்" என்றேன்.

நாலு மாடி, லிஃப்ட் இல்லை. அந்த அம்மாள் சொன்னது சரிதான். ஒவ்வொரு தளத்திலும் கதவுகள் கைப்பிடி அளவு திறந்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கண். நான் ஒவ்வொரு கண்ணுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டே ஏறினேன். ஏதோ ஒரு குழம்பு கொதிக்கிற வாசனை கூடவே ஏறி வந்தது. யார் வீட்டுக் குழம்பு என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் உட்கார வைத்தார்கள். விசிறி சுற்றியது. வாணியின் அம்மா ஒரு தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

ரோல்ஸ், மைதாவில் சுருட்டிப் பொரித்தது. பக்கத்தில் நாலு கப் பாலில்லாத பிளேன்டீ.

சங்கரன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, மரியாதைக்கு ஒன்றைக் கையில் எடுத்தான். அவன் வாய்க்குக் கொண்டு போகும் முன் அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

"அதைத் திண்டு வயித்தை நிரப்பாதீங்க. சோறு இன்னும் வடியல."

தாய் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "காலையில இருந்து இதைச் சொல்றதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா. விடிய முன்னமே பேலியகொடை மீன் சந்தைக்கு ஆட்டோ பிடிச்சுப் போய் நண்டு வாங்கி வந்தா." சங்கரன் ரோலை வைத்துவிட்டு எழுந்தான். "வடிக்கிறத நான் பாக்கேன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டான். உள்ளே இரண்டு பேர் பேசுகிற சத்தம் கேட்டது. ஒன்று என் தம்பியுடையது என்று நம்பக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நான் மூன்று கரண்டி சோறு சாப்பிட்டேன். நாலாவது கரண்டிக்குப் பெரியண்ணன் போனில் வந்தார். உள்ளே சிக்னல் விட்டு விட்டு வந்தது. படிக்கட்டுக்குப் போனால்தான் பேச முடியும் என்றார் வாணியின் அம்மா. எச்சில் கையோடு வெளியே வந்து, இடது கையால் எதையோ அழுத்த, போன் ஸ்பீக்கரில் போய்விட்டது. அண்ணன் குரல் நாலு மாடிக்கும் இறங்கியது.

"பாத்தாச்சுல்ல? கிளம்பு. ஒண்ணும் சாப்பிடலையே?"

கீழே கதவுகள் ஒவ்வொன்றாக அகலமாகத் திறந்தன. மூன்றாம் மாடியில் ஒரு தலை நீண்டது, இரண்டாம் மாடியில் இரண்டு. நாளைக் காலையில் வாணி இறங்கிப் போகப்போகிற படி இது. வாயைத் திறக்காதே என்றுதான் அண்ணன் என்னை அனுப்பினார். என் குரல் தெருக்கோடி வரை கேட்கும் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அதைக் காப்பாற்ற இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

"சோறு சாப்பிட்டாச்சுண்ணே!" என்றேன். "பொண்ணு வீட்டுல, பொண்ணு கையால சமைச்ச சோறு! மூணு கரண்டி! தம்பி அஞ்சு! இன்னும் எந்திரிக்கல!"

அண்ணன் வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன். வைக்கவில்லை, மூச்சு கேட்டது. கடைசியில், தோற்றுப்போன குரலில் ஒரு கேள்வி வந்தது.

"என்ன கொழம்பு?"

நான் பதில் சொல்வதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து பதில் போய்விட்டது.

"நண்டு!"